பிப்டாஸ் ஊசி ஏறும்போது உடனிருப்பவர் செய்ய வேண்டியவை: முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்துப் பெரிய வீடுகளில் இன்று பெரும்பாலும் இருப்பது வயதானவர்கள்தான். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். அப்பச்சிக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தால் உடன் நிற்பது தம்பி மகனாகவோ பக்கத்து வீட்டு ஆச்சியாகவோ இருக்கும். டியூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டில் "பிப்டாஸ் 4.5 கிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். பிப்டாஸ் என்பது கடும் நோய்த்தொற்றுக்கு நரம்பில் ஏற்றும் ஆண்டிபயாட்டிக், அதாவது பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. இந்த வழிகாட்டி அப்படி உடன் நிற்பவருக்கானது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் ஊசி போடக் கூடாது, தெருமுனை கிளினிக்கில் "அதே மருந்தைப் போடுங்கள்" என்று கேட்கவும் கூடாது. நரம்பு வழியாகத்தான் இது ஏறும். ஒவ்வாமை வந்தால் நிமிடக் கணக்கில் சமாளிக்க வேண்டும். சிறுநீரகத்தைப் பார்த்து அளவை மாற்ற வேண்டும். ஊசியைப் போடுவது சிஸ்டரின் வேலை. நேரத்தைக் கவனிப்பது, சரியான ஆளிடம் சரியான கேள்வியைக் கேட்பது, மறக்காமல் சொல்ல வேண்டியதைச் சொல்வது உங்கள் வேலை. இந்த மருந்து பெரும்பாலும் கடிகாரத்தை நம்பி வேலை செய்வதால் உங்கள் வேலையும் சின்னதில்லை.

குப்பிக்குள் என்ன இருக்கிறது

4.5 கிராம் குப்பியில் இரண்டு மருந்துகள் இருக்கின்றன: பைப்பராசிலின் 4 கிராம், டாசோபாக்டம் அரை கிராம். பைப்பராசிலின் பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்தது. பாக்டீரியா தன் சுவரைக் கட்ட விடாமல் தடுத்து அதைக் கொல்லும். பாக்டீரியாவும் சும்மா இருப்பதில்லை. பெனிசிலின் வகை மருந்துகளின் நடுவிலுள்ள வளையத்தை வெட்டிப்போடும் நொதி ஒன்றைச் சுரக்கிறது. பீட்டா லாக்டமேஸ் என்பது அதன் பெயர். ஆபிரகாம், செயின் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1940-லேயே இதைக் கண்டு எழுதிவிட்டார்கள். பெனிசிலின் மருந்தாகப் புழக்கத்துக்கு வரும் முன்பே அதற்கு எதிரி இருந்திருக்கிறது! டாசோபாக்டம் தானாக நின்று பாக்டீரியாவைக் கொல்லாது. அந்த நொதியோடு ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்யும். அந்த இடைவெளியில் பைப்பராசிலின் தன் வேலையை முடிக்கும். 1993-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்தக் கூட்டு மருந்து, இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது.

இதே ஏற்பாட்டில் வேறு கூட்டு ஊசிகளும் உண்டு. அமாக்ஸிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த 1.2 கிராம் ஊசி, செஃபோபெராசோனும் சல்பாக்டமும் சேர்ந்த ஊசி (வார்டுகளில் மேக்னெக்ஸ் என்பார்கள்), செஃப்ட்ரையாக்சோன் சல்பாக்டம். புதிதாக வந்தவற்றில் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. என்மெட்டாசோபாக்டம் என்ற நொதித் தடுப்பானைக் கண்டுபிடித்தது சென்னையின் ஆர்க்கிட் நிறுவனம். செஃபெபிம் மருந்தோடு சேர்ந்து 2024-ல் அது அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

முதல் படி: சேர்க்கும்போதே சொல்ல வேண்டியவை

காய்ச்சலோடு மூச்சு வேகமாக வாங்குகிறது, பேச்சு குழறுகிறது அல்லது ஆள் குழம்பிப் போயிருக்கிறார், சிறுநீர் குறைந்துவிட்டது, ரத்த அழுத்தம் இறங்குகிறது என்றால் காலை வரை காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். நோய்த்தொற்று ரத்தத்தில் பரவி அழுத்தம் சரிந்த நிலையில், கண்டறிந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆண்டிபயாட்டிக் உள்ளே போக வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றும் விதி. வயதானவர்களுக்குச் சில சமயம் காய்ச்சலே இருக்காது, குழப்பம் மட்டும்தான் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் சொல்ல வேண்டியவற்றில் முதலாவது ஒவ்வாமை. முன்பு பெனிசிலின், அமாக்ஸிசிலின், செஃபலோஸ்போரின் எதற்காவது தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்ததா? "அலர்ஜி இருக்கு" என்று மொட்டையாகச் சொன்னால் பயனில்லை. எந்த மருந்து, எத்தனை வருடத்துக்கு முன், என்ன ஆனது என்று சொல்லுங்கள். வயிற்றைப் புரட்டியதை அலர்ஜி என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அதனால் நல்ல மருந்து ஒன்று வீணாக விலக்கப்படும். உண்மையிலேயே மூச்சடைப்பு வந்தவர் அதைச் சொல்லாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

அடுத்தது சிறுநீரகம். பழைய கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட் வீட்டில் இருந்தால் எடுத்து வாருங்கள். சிறுநீரகம் மந்தமாக இருந்தால் அளவைக் குறைத்தோ இடைவெளியைக் கூட்டியோ கொடுப்பார்கள். டயாலிசிஸ் செய்பவருக்கு, டயாலிசிஸ் முடிந்ததும் சிறிய கூடுதல் டோஸ் தேவைப்படும், ஏனென்றால் மருந்தின் ஒரு பகுதி அதிலேயே வெளியேறிவிடும்.

இதயம் பலவீனமானவர் என்றால் அதையும் சொல்லுங்கள். ஒரு 4.5 கிராம் டோஸில் சுமார் 260 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாளைக்கு நான்கு தடவை என்றால் ஒரு கிராமைத் தாண்டிவிடும். கரைக்கும் சலைன் பாட்டிலின் உப்பு தனி. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர் மாத்திரை அட்டையையே காட்டிவிடுவது நல்லது.

அப்புறம், நம் பக்கத்துக்கே உரிய சில விவரங்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு வெறுங்காலில் நடந்து வந்த சர்க்கரை நோயாளியின் காலில் கொப்புளம் உடைந்திருந்தால், அது காய்ச்சலுக்குக் காரணமாக இருக்கலாம். நரம்பு மரத்த காலில் வலி தெரியாது. காலுறையைக் கழற்றி விரல் இடுக்கு வரை காட்டுங்கள். வயலிலோ புதர்க்காட்டிலோ வேலை செய்தவர் என்றால் அதையும் சொல்லுங்கள், ஏனென்றால் இரண்டு நோய்களை அப்போதுதான் டாக்டர் நினைப்பார். ஒன்று ஸ்க்ரப் டைஃபஸ். மைட் என்னும் சிறு பூச்சி கடித்து வரும் இந்தக் காய்ச்சல் தமிழ்நாட்டில் சாதாரணமாகவே காணப்படுகிறது. அக்குளிலோ தொடை இடுக்கிலோ கருத்த பொருக்கு ஒன்று இருக்கலாம். பிப்டாஸ் இதில் துளியும் வேலை செய்யாது, டாக்ஸிசைக்ளினோ அசித்ரோமைசினோ வேண்டும். இன்னொன்று மெலியாய்டோசிஸ். சேற்று மண்ணில் வாழும் பாக்டீரியாவால், பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகளுக்கு வருவது. அதற்கு வேறு ஊசி, வாரக்கணக்கில் வேண்டும். "சாதாரண காய்ச்சல்தான்" என்று நீங்களே முடிவு செய்து இந்த விவரங்களை விழுங்கிவிடாதீர்கள்.

இரண்டாம் படி: முதல் ஊசிக்கு முன் கல்ச்சர்

"முதல் டோஸுக்கு முன்னாடி பிளட் கல்ச்சர் எடுத்தாச்சா, சிஸ்டர்?" உடனிருப்பவர் கேட்க வேண்டிய கேள்விகளில் இதற்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். கல்ச்சர் என்பது ரத்தத்தில் எந்தக் கிருமி இருக்கிறது என்று லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனை. ஆண்டிபயாட்டிக் உள்ளே போன பிறகு எடுத்த ரத்தத்தில் கிருமி வளராமல் போக வாய்ப்பு அதிகம். பிறகு இருட்டில் வைத்தியம்தான். பெரியவர்களுக்கு வழக்கமாக இரண்டு இடங்களிலிருந்து, ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் எடுப்பார்கள். "இவ்வளவு ரத்தமா?" என்று சண்டை போடாதீர்கள், குறைவாக எடுத்தால் கிருமி சிக்காது. சிறுநீர், சளி, சீழ் எதுவோ அதையும் அப்போதே அனுப்ப வேண்டும். ஆனால் ஆள் அழுத்தம் சரிந்து கிடக்கிறார், கல்ச்சர் பாட்டில் வர நேரமாகும் என்றால் ஊசியை நிறுத்தி வைக்கக் கூடாது.

மூன்றாம் படி: கரைப்பதும் ஏற்றுவதும்

இதை சிஸ்டர் செய்வார். நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்வது கவனிப்பதற்காக.

குப்பியில் இருப்பது தூள். 20 மில்லி ஊசித் தண்ணீரோ சலைனோ விட்டுச் சுழற்றினால் சில நிமிடங்களில் கரையும். நிறமில்லாமலோ வெளிர் மஞ்சளாகவோ தெளிவாக இருக்க வேண்டும். துகள் மிதந்தால் காட்டுங்கள். அதை 100 மில்லி சலைன் பாட்டிலில் கலந்து அரை மணி நேரத்தில் ஏற்றுவது வழக்கம். சாதாரண ட்ரிப் செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. அந்தக் கணக்கில் 100 மில்லி அரை மணி நேரத்தில் போக நிமிடத்துக்குச் சுமார் 67 சொட்டு விழ வேண்டும். சில ஆஸ்பத்திரிகளில், முக்கியமாக ஐசியூவில், ஒவ்வொரு டோஸையும் நான்கு மணி நேரம் மெதுவாக ஏற்றுவார்கள். அப்போது நிமிடத்துக்கு எட்டு சொட்டுதான். "மருந்து ஏறவே மாட்டேங்குது" என்று நீங்களாக ரோலரை (ட்யூபில் சொட்டு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம்) திறந்துவிடாதீர்கள். வேண்டுமென்றேதான் மெதுவாகப் போகிறது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

பாட்டில் காலியானதும் ட்யூபில் பத்து, இருபது மில்லி தங்கிவிடும். அதிலும் மருந்து இருக்கிறது! சலைன் விட்டு அதை உள்ளே தள்ளச் சொல்லுங்கள். ஜென்டாமைசின், அமிகாசின் போன்றவற்றை இதே பாட்டிலில் கலக்கக் கூடாது, ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். ரிங்கர் லாக்டேட் பாட்டிலோடு சேர்த்து ஓட்டலாமா என்பது கம்பெனியின் தயாரிப்பைப் பொறுத்தது, அதை சிஸ்டரிடம் விட்டுவிடுங்கள். அமாக்ஸிசிலின் கிளாவுலனேட் ஊசி என்றால் அவசரம் இன்னும் கூட. கரைத்த 20 நிமிடத்துக்குள் கொடுக்கவோ கலக்கவோ வேண்டும், குளுக்கோஸ் பாட்டிலில் கலக்கக் கூடாது.

மருந்தை வெளியில் வாங்கி வரச் சொன்னால் காலாவதித் தேதியைப் பாருங்கள். சித்திரை வெயிலில் காருக்குள் போட்டு வைக்காதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி விலையில் பெரிய வித்தியாசம் இருக்கும். உள்ளே இருக்கும் மருந்தும் அளவும் ஒன்றுதானா என்று பார்த்து, விலை குறைந்ததை டாக்டரிடம் கேட்டு வாங்குவதில் தப்பில்லை.

நான்காம் படி: முதல் அரை மணி நேரம்

முதல் டோஸ் ஏறும்போது டீ குடிக்கக் கீழே போகாதீர்கள். உடம்பெல்லாம் அரிப்பு, தடிப்பு, உதடு வீங்குவது, தொண்டை அடைப்பது, இளைப்பு, தலைசுற்றி வியர்ப்பது என்று எது தெரிந்தாலும் உடனே ரோலரை மூடிவிட்டு சிஸ்டரைக் கூப்பிடுங்கள். ரோலரை நீங்கள் தொடக்கூடிய ஒரே சந்தர்ப்பம் இதுதான். கடும் ஒவ்வாமைக்கு முதல் மருந்து தொடைத்தசையில் போடும் அட்ரினலின். அவில் என்ற அலர்ஜி ஊசியும் ஸ்டீராய்டும் அதற்குப் பிறகுதான்.

கையில் சிறிதாக டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்ப்பது நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் பழக்கம். அதில் ஒன்றும் வரவில்லை என்பதை முழு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டெஸ்ட் டோஸ் தாண்டியவருக்கும் முழு டோஸில் ஒவ்வாமை வந்ததுண்டு.

ஐந்தாம் படி: கடிகாரமும் நோட்டும்

பைப்பராசிலின் ரத்தத்தில் நெடுநேரம் தங்காது. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்குச் சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை அதன் அளவு பாதியாகும். இது எவ்வளவு உயரத்துக்கு ஏறுகிறது என்பதைவிட, கிருமியை அடக்கும் அளவுக்கு மேல் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதுதான் முக்கியம். நான்கு மணி நேரம் மெதுவாக ஏற்றுவது அதற்காகத்தான். இரவு பத்து மணி டோஸ் பன்னிரண்டரைக்கும், காலை ஆறு மணி டோஸ் ஒன்பதுக்கும் போனால், தாளில் மூன்று டோஸ் எழுதியிருக்கும்; உடம்பில் மருந்து இல்லாத மணி நேரம் கூடியிருக்கும்.

ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, டோஸ் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், காய்ச்சல், சிறுநீர் அளவு, எத்தனை தடவை பேதி, அவ்வளவுதான். வெளியூரிலிருந்து ஃபோனில் கேட்கும் பிள்ளைக்கும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால் போதும். பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்லிக் குழப்ப வேண்டியதில்லை. நேரம் தாண்டினால் சிஸ்டரிடம் பதவிசாக ஞாபகப்படுத்துங்கள். ஒரே சிஸ்டர் முப்பது கட்டிலைப் பார்க்கும் இரவுகளில் அந்த ஞாபகமூட்டல் உதவிதான். வென்ஃப்ளான் (நரம்பில் குத்தி வைத்திருக்கும் சிறு குழாய்) போட்ட இடம் சிவந்து வீங்கினாலோ, மருந்து ஏறும்போது எரிந்தாலோ காட்டி மாற்றச் சொல்லுங்கள்.

நேரம் தவறுவது மிகச் சுலபமாக நடக்கும் இடம் ஒன்று உண்டு: காரைக்குடியிலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ மாற்றும்போது. கிளம்ப இரண்டு மணி நேரம், வழியில் இரண்டு மணி நேரம், அங்கே அட்மிஷன் போட்டு வார்டுக்குப் போக இன்னும் சில மணி நேரம். அதற்குள் ஒரு டோஸ் காணாமல் போய்விடும். கிளம்பும் முன் அடுத்த டோஸ் எப்போது என்று கேட்டு, நேரம் நெருங்கினால் போட்டுவிட்டே ஏற்றச் சொல்லுங்கள். கடைசி டோஸின் நேரத்தையும், கல்ச்சர் அனுப்பிய லேப் எது என்பதையும் ரெஃபரல் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். ரிசல்ட் வரும்போது நோயாளி வேறு ஊரில் இருப்பார். தேடி வாங்கிக் கொடுக்கப் போவது நீங்கள்தான்.

ஆறாம் படி: மூன்றாம் நாள் கேள்வி

இரண்டிலிருந்து மூன்று நாளில் கல்ச்சர் ரிப்போர்ட் வரும். என்ன கிருமி, எந்த மருந்துக்கு எஸ் (கேட்கும்), எந்த மருந்துக்கு ஆர் (கேட்காது) என்று இருக்கும். அன்று ரவுண்ட்ஸில் கேளுங்கள்: "இதைவிடச் சின்ன மருந்து போதுமா, இல்லை பெரிய மருந்து வேணுமா, டாக்டர்?"

சின்ன மருந்து போதும் என்று வந்தால் சந்தோஷப்படுங்கள். "நல்ல மருந்தை ஏன் நிறுத்துறீங்க?" என்று சில குடும்பங்கள் கோபப்படுவதைப் பார்க்கிறேன். கிருமி சாதாரண மருந்துக்கே கேட்கும்போது பிப்டாஸைத் தொடர்வதால் நோயாளிக்குக் கூடுதல் நன்மை எதுவும் இல்லை. குடலில் இருக்கும் மற்ற கிருமிகள் அதைச் சமாளிக்கக் கற்றுக்கொள்ளும், அவ்வளவே. உலக சுகாதார நிறுவனம் இந்த மருந்தைக் 'கவனத்தோடு பயன்படுத்த வேண்டியவை' என்ற வரிசையில் வைத்திருப்பதும் அதனால்தான்.

பெரிய மருந்து வேண்டிய இடம் கொஞ்சம் சிக்கலானது. ஈ கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் சில இஎஸ்பிஎல் என்ற பலமான நொதியைச் சுரக்கும். ரிப்போர்ட்டில் செஃப்ட்ரையாக்சோனுக்கு ஆர் என்றும், பிப்டாஸுக்கு எஸ் என்றும் போட்டிருக்கும். பார்த்தால் பிப்டாஸே போதும் போலத் தோன்றும். ஆனால் ரத்தத்தில் அப்படிப்பட்ட கிருமி இருந்தவர்களிடம் பிப்டாஸையும் மெரோபெனம் என்ற பெரிய ஆண்டிபயாட்டிக்கையும் ஒப்பிட்ட மெரினோ ஆய்வு 2018-ல் வெளியானது. 30 நாளில் இறந்தவர்கள் பிப்டாஸ் பக்கம் 12.3 சதவீதம், மெரோபெனம் பக்கம் 3.7 சதவீதம். ஆகவே ரத்தத் தொற்றில் டாக்டர் மெரோபெனத்துக்கு மாறினால் அது பணம் பிடுங்கும் வேலை என்று முடிவு கட்டாதீர்கள். சிறுநீர்ப்பையோடு நிற்கும் லேசான தொற்று என்றால் கதை வேறு. அங்கே பிப்டாஸே போதுமானதாக இருக்கலாம். எம்ஆர்எஸ்ஏ (பெனிசிலின் வகை மருந்துகளுக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி) என்று ரிப்போர்ட் வந்தால் பிப்டாஸ் வேலைக்காகாது, வான்கோமைசின் போன்ற வேறு மருந்து சேர்ப்பார்கள். பிப்டாஸும் வான்கோமைசினும் ஒன்றாக ஓடும் நாட்களில் கிரியாட்டினின் ஏறுகிறதா என்று தினமும் கேளுங்கள்.

இன்னொன்று. பல கேஸ் ஷீட்களில் பிப்டாஸோடு மெட்ரோஜிலும் (மெட்ரோனிடசோல் என்ற இன்னொரு மருந்து) ஓடிக்கொண்டிருக்கும். காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகளைப் பிப்டாஸே பார்த்துக்கொள்ளும். அமீபா ஈரல் கட்டி மாதிரி தனிக் காரணம் இல்லாவிட்டால் இரண்டும் தேவையில்லை. "இது எதுக்காக, சார்?" என்று மரியாதையாகக் கேட்கலாம்.

காய்ச்சல் குறையவில்லை என்றால் உடனே "மருந்து சரியில்லை" என்பார்கள். பல நேரம் குற்றம் மருந்தில் இருக்காது. சீழ் கட்டியிருக்கும், சிறுநீர்ப் பாதையைக் கல் அடைத்திருக்கும், காலில் செத்த சதை இருக்கும். அங்கே ரத்த ஓட்டம் இல்லாததால் எந்த ஊசியும் போய்ச் சேராது. சீழை வடிக்க வேண்டும், அடைப்பை எடுக்க வேண்டும், செத்த சதையை வெட்டி எடுக்க வேண்டும். "கத்தி வேண்டாம், ஊசியிலேயே பார்த்துக்கலாம்" என்று கையெழுத்துப் போட மறுத்து நாலு நாள் கடத்துவதால் விரலோடு போக வேண்டியது முழங்காலுக்கு வரும்.

ஏழாம் படி: எத்தனை நாள், எப்போது நிறுத்துவது

முன்பெல்லாம் பதினாலு நாள் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்கள். இப்போது பல தொற்றுகளுக்கு ஏழு நாள் போதும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வயிற்றுக்குள் சீழை முழுவதும் வெளியேற்றிவிட்டால் நாலு நாளே போதும் என்று 2015-ல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. எலும்பு வரை தொற்று போன சர்க்கரைப் புண்ணுக்கு மட்டும் வாரக்கணக்கு, ஆறு வாரம் வரைகூட ஆகும். நாட்களை முடிவு செய்வது டாக்டர். காய்ச்சல் விட்டதும் நீங்களாக டிஸ்சார்ஜ் கேட்டு வாங்கிப் போகாதீர்கள்.

பத்து நாளைத் தாண்டி ஓடினால் வெள்ளை அணுக்கள் குறையலாம், புதிதாகக் காய்ச்சலே வரலாம். ரத்தப் பரிசோதனை வேண்டும். பொட்டாசியமும் இறங்கலாம். மேக்னெக்ஸ் வகை ஊசி ஓடுகிறது என்றால் ஈறில் ரத்தம், ஊதா நிறத் திட்டுகள் தெரிகிறதா என்று பாருங்கள், அது ரத்தம் உறைவதைக் குறைக்கும். அந்த நாட்களிலும் அதற்கடுத்த சில நாட்களிலும் மது ஆகாது. முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும். வீட்டில் ஆச்சி பாசத்தோடு கொண்டுவரும் அரிஷ்டத்திலும் ஆல்கஹால் இருக்கிறது, அதையும் தள்ளி வையுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் சேரும்போதே காட்டுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை உண்டு. சந்தேகம் என்றால் 104-ல் கேட்கலாம்.

வீட்டுக்குக் கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தின் பெயர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, கல்ச்சரில் வந்த கிருமி மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மாத்திரை எழுதியிருந்தால் கடைசித் தேதியையும் எழுதச் சொல்லுங்கள். அடுத்த இரண்டு மாதத்துக்குள் ஒரே நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ தண்ணீராகப் பேதி போனாலோ, அதில் ரத்தம் தெரிந்தாலோ, வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் வாங்கிப் போடாமல், பிப்டாஸ் ஏறியிருந்ததைச் சொல்லி டாக்டரைப் பாருங்கள். ஆண்டிபயாட்டிக்குக்குப் பின் குடலில் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமி பெருகி வரும் பேதியாக அது இருக்கலாம், அதற்கென்று தனி மருந்து உண்டு.